பழைய சன்னல் கண்ணாடியில் கை வைப்பதற்கு முன்

ஏற்காட்டுப் பழைய பங்களாக்களில் சன்னல் பழுது பார்க்கப் புதிதாக வருபவர்கள் விரலை அறுத்துக்கொள்வதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதை விரலே கற்றுத் தரும். அவர்கள் செய்யும் மற்றத் தவறுகளே இங்கே.

‘கண்ணாடி வழிந்துவிட்டது, மாற்றிவிடலாம்’

கேட்டாலே எரிச்சல் வருகிறது. போன மழைக்காலத்தில் ஓர் எஸ்டேட் பங்களாவில் கண்ணாடித் தகடுகளின் அடிப்பக்கம் தடித்திருப்பதைக் கண்ட தம்பி ஒருவன், ‘கண்ணாடி திரவம்தானே, நூறு வருடத்தில் மெல்ல இறங்கிவிட்டது’ என்று உரிமையாளரையே நம்ப வைத்துவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் வராந்தாச் சன்னல் முழுவதும் சாக்குப்பைக்குள் சில்லுகளாகக் கிடந்தது. மிஞ்சியிருந்த ஒரு சட்டத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அதில் தடித்த விளிம்பு மேலே இருந்தது. ‘இது மேல்நோக்கி வழிந்ததா?’ என்றேன். பதில் இல்லை.

அறை வெப்பத்தில் கண்ணாடி வழியாது. தடிமன் வேறுபாடு பிறவியிலேயே வந்தது. ஊதிய கண்ணாடியை இரும்புக் கோலுக்கு மாற்றி, மறுபடி சூடேற்றிச் சுழற்றுவார்கள். அது வட்டத் தட்டாக விரியும். கோல் ஒட்டிய நடுவிடம் குமிழாக நிற்கும், அதையடுத்த பகுதி தடித்திருக்கும், தள்ளிப் போகப் போக மெலியும். அதிலிருந்து சதுரம் அறுத்தால் ஒரு விளிம்பு தடிக்காமல் என்ன செய்யும்? இன்னொரு முறையில், நீண்ட உருளையாக ஊதி, இரு முனைகளையும் வெட்டி, நீளவாக்கில் கீறி, சூளையில் இளக்கி விரிப்பார்கள். 1851இல் லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பேலஸின் கண்ணாடி இந்த வகை. சாய்வாகப் பாருங்கள்: வட்டத் தட்டில் அலைகள் வில்லாக வளையும், உருளையில் நேராக ஓடும், குமிழிகளும் நீண்டிருக்கும்.

சேலத்துக் கடைகளில் இன்று கிடைப்பது, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வது. பில்கிங்டன் நிறுவனம் அம்முறையை அறிவித்ததே 1959இல்தான். அதில் அலையே இராது. பழைய தகடுகளுக்கு நடுவே வைத்தால் கட்டிய பொய்ப்பல்லாகத் தனித்துத் தெரியும். அந்த உரிமையாளர் இன்னும் பழைய தகடு தேடிக்கொண்டிருக்கிறார்.

காய்ந்த மக்கை உளியால் பெயர்ப்பது

கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் பசைதான் மக்கு. உளி வைத்தால் கண்ணாடிதான் பெயரும். ஆவி காட்டி இளக்குங்கள்.

உலர்ந்த காடியில் புது மக்கை அப்புவது

காடி என்பது சட்டத்தில் தகடு உட்காரும் பள்ளம். மக்கில் உள்ள எண்ணெயை அந்த மரம் உறிஞ்சிவிடும். மக்கு வெடித்து உதிரும். முதலில் காடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள்.

மக்குக்குப் பதிலாகச் சிலிகான் பசை

வேண்டாம்.

அடையாளம் இடாமல் அடுக்குவது

பழைய சட்டங்கள் எதுவும் சரியான சதுரமில்லை. ஒன்றின் தகடு மற்றதில் உட்காராது. மெழுகுப் பென்சிலால் எண் போடுங்கள். சாக்பீஸ் ஏற்காட்டுப் பனியில் அழிந்துவிடும்.