நெகிழ்வு உற்பத்திக்கு ரோபோவா, பேலட் அமைப்பா?

மெஷினில் பாகங்களை ஏற்றி இறக்க ரோபோவா, பேலட் (பாகத்தை முன்கூட்டியே பொருத்தி மெஷினுக்குள் அனுப்பும் தட்டு) அமைப்பா என்று முடிவெடுக்க, முதலில் பார்க்க வேண்டியது சைக்கிள் டைம், அதாவது ஒரு பாகத்தை மெஷின் முடிக்க எடுக்கும் நேரம். ஒரு பாகம் 2 நிமிடத்தில் முடிந்தால் நேரடியாக ஏற்றி இறக்கும் ரோபோ பொருந்தும். 40 நிமிடம் ஓடும், அளவில் மாறுபடும் பாகங்களுக்குப் பேலட் அமைப்பே நல்லது. பாகத்தை இறுகப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரை வெளியிலேயே பொருத்திவிடலாம், மெஷின் நிற்காது. ஆளில்லாமல் 8 மணி நேரம் ஓட வேண்டுமா? பேலட்டுக்கு ஒரு பாகம் என்றால், 480 நிமிடத்தை 40-ஆல் வகுத்தால் 12 பேலட். அதற்குக் குறைந்தால் நள்ளிரவில் மெஷின் சும்மா நிற்கும்.

ரோபோவின் சுமைத்திறனில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாகம் 8 கிலோ, ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களைப் பிடிக்கும் இரட்டை கிரிப்பர் 6 கிலோ என்றால், மாற்றும் நேரத்தில் கையில் இரண்டு பாகங்கள் இருக்கும்: மொத்தம் 22 கிலோ. 20 கிலோ ரோபோ போதாது. எடை மணிக்கட்டிலிருந்து தள்ளி இருந்தால் திறன் இன்னும் குறையும். தயாரிப்பாளரின் சுமை வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது சில்லு, அதாவது வெட்டும்போது சிதறும் துணுக்கு. பேலட் அமரும் இடத்தில் ஒரு துணுக்கு சிக்கினாலும் பாகம் சாய்ந்து அளவு தவறும். காற்று ஊதிச் சுத்தம் செய்யும் வசதியும், சரியாக அமர்ந்ததா என்று காற்றழுத்தத்தால் சோதிக்கும் சென்சாரும் இல்லாத, பேலட்டைப் பிடிக்கும் கிளாம்பை வாங்கவே வேண்டாம்.

பழைய மெஷின் என்றால், தானியங்கிக் கதவும் வெளியிலிருந்து புரோகிராமை அழைக்கும் வசதியும் உண்டா என்று ஆர்டருக்கு முன்பே உறுதி செய்யுங்கள்.