கம்போடியாவுக்குப் பாடம் சொல்லித் தரப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில், சியெம் ரீப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் நான்கு வாரம் தன்னார்வமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் நிறங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். இடைவேளையில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தியின் நோட்டைப் புரட்டினால், அதே நிறங்கள் ஏற்கெனவே நான்கு முறை இருந்தன, வேறு வேறு தேதிகளில். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே தொடங்கியிருக்கிறார்கள். ஐந்தாவது முறையும் அவள் கோடு போட்டு, அழகாக எழுதி வைத்திருந்தாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

முந்தைய ஆள் எங்கே விட்டார் என்று கேட்காமல் வகுப்புக்குள் போகாதீர்கள். கிளம்பும் முன்பே பாடப்புத்தகப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திரும்பும்போது எதுவரை நடத்தினீர்கள் என்று எழுதி, வகுப்பு ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்த ஆசிரியரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு முழு வகுப்பையும் நாமே எடுப்பது அதைவிடப் பெரிய தவறு. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டு, ஏராளமான ஆசிரியர்கள் கொல்லப்பட்ட நாடு அது. அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பறையையும் மறுபடி எழுப்பியவர்கள் அந்த ஊர் ஆசிரியர்கள். பிள்ளைகள் ஆசிரியையை ‘நெக் க்ரு’ என்று கூப்பிடுவார்கள். க்ரு என்பது நாம் சொல்லும் குருதான்.

என் வகுப்பு ஆசிரியையிடம் கேட்காததால் நான் வீணாக்கிய நாட்கள் உண்டு. பிள்ளைகள் ‘பஸ்’ஸை ‘பஹ்’ என்றார்கள். கவனக்குறைவு என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். சொல்லின் கடைசியில் வரும் ஸகரம் அந்நாட்டு மொழியான கெமரில் ஹகரமாக ஒலிக்கும் என்று ஆசிரியைதான் பிறகு விளக்கினார். எண்களும் அப்படித்தான். ஆறுக்கு அங்கே தனிச்சொல் கிடையாது. ‘ப்ராம் முவோய்’, அதாவது ஐந்தும் ஒன்றும். இது தெரிந்தபின் கணக்கை ஆங்கிலத்தில் சொல்லித்தருவது எவ்வளவோ எளிதாயிற்று.

அப்புறம், நன்றாகப் படித்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுப்பது நம் பழக்கம். அங்கே தலை புனிதமானது, தொடக்கூடாது. கைதட்டிப் பாராட்டுங்கள், போதும்.

அனாதை இல்லத்தில் பாடம் எடுக்க அழைத்தால் மறுத்துவிடுங்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டவர் வருகையும் நன்கொடையும் பெருகப் பெருக, பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவரும் இல்லங்களும் பெருகின. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள்கள் அல்ல என்று ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2011-ல் பிரசாரமே நடத்தியது. சுற்றுலா விசாவே போதும் என்று யாராவது சொன்னால், அதையும் நம்பிக் கிளம்பாதீர்கள். எந்த விசா வேண்டும் என்று தூதரகத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

கடைசி நாளில் பிள்ளைகள் அழுவார்கள். அந்த நேரத்தில் “அடுத்த வருஷம் வருவேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அந்தச் சிறுமி உடனே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் பெயரையும் வருஷத்தையும் எழுதிக்கொண்டாள்.