மூடி வைத்த புத்தகமும் பத்து மணிப் பழக்கமும்

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு. இயற்பியல் தாளில் கடைசி இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகளைத் தொடவே இல்லை, மணி அடித்துவிட்டது. அதற்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை படித்திருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்புறம் அக்காதான் ஒரு வேலை செய்தாள். புத்தகத்தை வாங்கி மூடி, "வீட்ஸ்டோன் சமனச்சுற்றை எழுதிக் காட்டு" என்றாள். அந்த மின்சுற்றின் படம் சரியாக வந்தது. மின்னோட்டத்தைக் கணக்கிட உதவும் கிர்க்காஃப் விதியைப் போட ஆரம்பித்ததும், எந்தச் சுற்றில் எந்தக் குறி என்று கை நின்றுவிட்டது. நாலு தடவை வாசித்த பக்கம் அது! வாசிக்கும்போது தெரிந்த மாதிரி இருந்ததே தவிர, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பாடம் வாசித்தால், மூடி வைத்து வெற்றுத்தாளில் எழுதினேன். விட்ட வரியைச் சிவப்பு மையில் சேர்த்தேன். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

ஞாயிறுகளில் பழைய வினாத்தாளோடு காலை பத்து மணிக்கே உட்கார்ந்தேன், பொதுத்தேர்வு நேரம் அதுதான். 15 ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு இருபது நிமிடம், ஐந்து மதிப்பெண்ணுக்குத் தலா பதினைந்து. மூன்றாவது வாரம் முழுத்தாளையும் முடித்தேன்.

தூக்கத்தில் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுவார். மார்ச்சில் இயற்பியல் தாளைக் கட்டிக் கொடுக்கும்போது, எட்டு நிமிடம் மீதி இருந்தது.