கியர்பாக்ஸ் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் குடும்பங்கள் விரும்பி வாங்கும் சிறிய சிடான் கார் ஒன்று புதிய வடிவில் வந்துவிட்டால், லெங் கீ சாலையில் உள்ள காட்சிக்கூடத்துக்கு நாம் போய்ச் சேர்வதற்கு முன்பே அதைப் பற்றிய தீர்ப்புகள் நம் காதுக்கு வந்துவிடுகின்றன. முன்விளக்கு, திரை, இருக்கை ஆகியவற்றைப் பற்றி ஒருவர் சொல்வதை நாமே பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கியர்பாக்ஸோ கண்ணுக்குத் தெரியாதது. பழுதானால் ஆயிரக்கணக்கான வெள்ளியை விழுங்கக்கூடியது. ஆகவே அந்த ஒரு விஷயத்தில் பிறர் சொல்லை அப்படியே நம்பிவிடுகிறோம். காரின் உரிமையாளர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. எந்த ஆண்டின் காரில், எந்த எஞ்சினோடு சேர்ந்த எந்தக் கியர்பாக்ஸைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள் என்பதை நாம்தான் கேட்காமல் விடுகிறோம்.

பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று எண்ணுவது முதல் தவறு. ஹூண்டாய் அவான்டேயை எடுத்துக்கொள்வோம். 2020இல் புதுவடிவம் பெறுவதற்கு முன்பு இங்கே ஓடிய 1.6 லிட்டர் அவான்டேயில் ஆறு கியர் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக் இருந்தது. புதிய வடிவில் அந்த இடத்துக்கு, கியர்ப் படிகளே இல்லாத சிவிடி வகை வந்தது. அதே வடிவத்தின் ஹைப்ரிட் காரிலோ இரட்டைக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிசிடி இருக்கிறது. "அவான்டே கியர்பாக்ஸ் எப்படி?" என்று கேட்டால் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள், மூன்றும் உண்மையாகவே இருக்கும்.

அடுத்த தவறு, அயல்நாட்டுக் கருத்தை அப்படியே இங்கே பொருத்துவது. இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிங்கப்பூரில் காரின் எஞ்சினையே சிஓஇ, அதாவது கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ், தீர்மானிக்கிறது. சிறிய கார்களுக்கான ஏ பிரிவுச் சான்றிதழில் அடங்க வேண்டுமானால் பெட்ரோல் காரின் எஞ்சின் 1,600 சிசியைத் தாண்டக்கூடாது. அதோடு, 2014 முதல், அதன் ஆற்றல் 97 கிலோவாட்டையும், அதாவது ஏறத்தாழ 130 குதிரைத்திறனையும், தாண்டக்கூடாது. ஜோகூர்பாருவில் இருக்கும் என் மைத்துனர் பதினோராம் தலைமுறை ஹோண்டா சிவிக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். சிவிடி என்றாலே சோம்பேறி என்பது கட்டுக்கதை என்பார். அவர் ஓட்டும் மலேசியக் காரின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் 182 குதிரைத்திறன் தருகிறது. பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்தால், அதே 1.5 லிட்டர் டர்போ ஏ பிரிவுக்குள் அடங்கும்படி ஆற்றல் குறைக்கப்பட்டே விற்பனைக்கு வந்தது. சிவிடியைப் பற்றி அவர் சொல்வது அந்த எஞ்சினோடு சேர்ந்த அனுபவம். அதை நம்பி இங்கே வாங்கியவர், தீவு விரைவுச்சாலையில் நுழையும் இடத்தில் காலை அழுத்தியதும் ஏமாந்துபோய்க் கியர்பாக்ஸைத் திட்டுவார்.

டொயோட்டா கரோலாவிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. 2020ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வந்த 2.0 லிட்டர் கரோலாவின் சிவிடியில், நின்ற நிலையிலிருந்து கிளம்புவதற்கென்றே ஓர் உண்மையான பல்சக்கர முதல் கியர் இருக்கிறது. குறிப்பிட்ட வேகம் வந்த பிறகே, சிவிடிக்கே உரிய பெல்ட் வேலையை ஏற்றுக்கொள்கிறது. "கிளம்பும்போது பழைய கார் போலவே இழுக்கிறது" என்று அங்கே பாராட்டுகிறார்கள். 2019இல் சிங்கப்பூருக்கு வந்த கரோலா அல்டிஸில் 1.6 லிட்டர் எஞ்சினோடு வழக்கமான சிவிடியும், 1.8 லிட்டர் ஹைப்ரிட் வகையும்தான் இருந்தன. அந்தப் பாராட்டுக்கு இங்கே வேலையில்லை.

ஹைப்ரிட் என்றதும் இன்னொரு குழப்பம் நினைவுக்கு வருகிறது. டொயோட்டா ஹைப்ரிட்டின் விவரத்தாளில் "இ-சிவிடி" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "சிவிடி பெல்ட் அறுந்துவிடுமே" என்று அஞ்சி விலகியவர்களை நான் அறிவேன். அதில் அறுவதற்குப் பெல்ட்டே கிடையாது. சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றிவரும் ஒரு பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்ந்து எஞ்சினின் ஆற்றலைப் பங்கிடுகின்றன. வழக்கமான சிவிடியில், கூம்பு வடிவப் பக்கங்கள் கொண்ட இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பெல்ட் அல்லது சங்கிலி இறுகப் பிடித்துச் சுழல்கிறது. டிசிடியில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. மூன்றிலும் கிளட்ச் மிதி கிடையாது என்பதால் மூன்றையும் "ஆட்டோ" என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஒன்றின் பழியை இன்னொன்றின் தலையில் கட்டுவதும் அதனால்தான். 2013இல் ஃபோக்ஸ்வாகன், டிஎஸ்ஜி என்று அது அழைக்கும் தன் டிசிடி கியர்பாக்ஸின் கோளாறுக்காகச் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தச் செய்தி மனத்தில் பதிந்தவர்கள் இன்றும் மாஸ்டா 3 காரின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கைக்கூட ஐயத்தோடு பார்க்கிறார்கள். அது, எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்களுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய மரபு. டிஎஸ்ஜியோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சத்தத்தைப் பழுது என்று எண்ணுவதும் பரவலான தவறு. சிவிடியில் முழுதாக அழுத்தினால், எஞ்சின் தனக்கு உகந்த சுழற்சி வேகத்துக்குப் போய் அங்கேயே நின்று முழங்கும். வண்டியின் வேகம் பின்னால் வந்து சேரும். புதிய வடிவங்கள் பலவற்றில் இந்த உணர்வை மறைக்கவே போலிக் கியர்ப் படிகளை மென்பொருளில் வைத்திருக்கிறார்கள். மாறாக, நகரத் தொடங்கும்போது கார் அதிர்வதும், முன்செல்லும் டியிலிருந்து பின்செல்லும் ஆருக்கு மாற்றியபின் ஓரிரு விநாடிகள் ஒன்றும் நடக்காமல் பின்பு வெடுக்கென்று இழுப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

வாங்கிய முதல் மாதத்தில் சொல்லப்படும் கருத்துக்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தரவேண்டாம். 2023 அக்டோபரில் ஏ பிரிவுச் சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளியைத் தொட்டது. அவ்வளவு கொட்டிக் கொடுத்தவரிடம் போய்க் குறை கேட்டால் என்ன சொல்வார்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மூன்று ஆண்டுகளைக் கடந்தவரிடம், அதிலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டும் டாக்சி ஓட்டுநரிடம் கேட்பதே பயன் தரும்.

சோதனை ஓட்டத்திலும் தவறு செய்கிறோம். விற்பனை முகவர் பக்கத்தில் அமர்ந்து குளிரூட்டியை உச்சத்தில் வைத்து, பாட்டையும் போட்டுவிட்டு, தட்டையான சாலையில் பத்து நிமிடம் சுற்றிக் காட்டுவார். நான் அவரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, அருகிலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போகக் கேட்பேன். ஏற்றத்தின் நடுவே முழுமையாக நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, எறும்பு போல ஊர்ந்து மேலேற வைத்துப் பார்த்தால், சிவிடி எப்படி, டிசிடி எப்படி என்பது மூன்றாம் மாடிக்குள் விளங்கிவிடும்.

இவ்வளவு சொல்லும் நானே ஒரு பொய்க் கருத்தைப் பல மாதங்கள் பரப்பியிருக்கிறேன். என் பழைய சிடானில், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும்போது கல் பதித்த சாலையில் போவதுபோல் ஓர் அதிர்வு இருந்தது. "சிவிடி என்றாலே அப்படித்தான், வாங்காதீர்கள்" என்று அலுவலகத்தில் கேட்டவருக்கெல்லாம் சொன்னேன். பின்பு வேறொரு பட்டறைக்காரர் பழைய ரசீதை வாங்கிப் பார்த்தார். அதில் வெறுமனே "ஏடிஎஃப்" என்று எழுதியிருந்தது. சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கான எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். சிவிடி எண்ணெய் உயவுக்கு மட்டுமானதன்று. பெல்ட்டும் கப்பியும் வழுக்காமல் பற்றிக்கொள்ளத் தேவையான உராய்வையும் அதுவே தருகிறது. உரிய எண்ணெயை மாற்றியபின் அதிர்வு பெரும்பாலும் அடங்கியது. ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் கடைசிவரை போகவில்லை. என் பேச்சைக் கேட்டுச் சிவிடி கார் வாங்காமல் போனவர்கள் எத்தனை பேரோ!

வெளிப் பட்டறைக்குப் போனதுதான் குற்றம் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. வெளியே பராமரித்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையை நீக்க, போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2017இல் கார் முகவர்கள் இணங்கினார்கள். ஆனால் வெளிப் பட்டறையின் வேலையால்தான் பழுது வந்தது என்றால் முகவர் மறுக்கலாம். ஆகவே, எண்ணெயை ஊற்றுவதற்கு முன் டப்பாவை என்னிடம் காட்டச் சொல்லி, காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள எண்ணெய்தானா என்று பார்த்து, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். ரசீதிலும் அதே பெயரை முழுமையாக எழுதித் தரும்வரை பணப்பையைத் திறப்பதில்லை.