ஓடுகிற ஷேரா, அடிவாங்கிய ஷேரா: காசைக் கரைக்கும் தவறுகள்

ஏறுகிற ஷேரை வாங்குவதா, விழுந்து கிடப்பதை வாங்குவதா என்று புதிதாக டீமேட் கணக்கு தொடங்கியவர்கள் கேட்கிறார்கள். இரண்டிலும் சம்பாதித்தவர்கள் உண்டு. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் பட்ட அடிகளையே இவர்களும் வரிசையாகப் படுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. டிப்ஸை நம்பாதே, கடன் வாங்கிப் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

வாங்கிய காரணத்தை நடுவில் மாற்றுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அலுவலகத்தில் ஒரு தம்பி கெமிக்கல் ஷேர் ஒன்றை 640 ரூபாய்க்கு வாங்கினார். ஏன் என்று கேட்டால், "தினமும் ஏறுதுண்ணே" என்றார். சரி, அதுவும் ஒரு காரணம்தான். 480க்கு இறங்கியதும், "நல்ல கம்பெனிண்ணே, சீப்பா கிடைக்குது" என்று இன்னும் கொஞ்சம் வாங்கினார். 300இல் மறுபடியும் ஆவரேஜ், அதாவது சராசரி விலையைக் குறைக்க இன்னும் வாங்கினார். அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கடன் என்று கடைசிவரை பார்க்கவே இல்லை. ஏறுகிறது என்று வாங்கியவர், ஏற்றம் நின்றதும் வெளியே வந்திருக்க வேண்டும்.

யெஸ் பேங்க் 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. செப்டம்பரில் அதன் தலைமை நிர்வாகி ராணா கபூரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியதும், ஒரே நாளில் கிட்டத்தட்ட 30% சரிந்தது. 200 மலிவு, 100 ரொம்ப மலிவு, 50 அடிமாட்டு விலை என்று படிக்குப் படி வாங்கியவர்கள் ஏராளம். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, பணம் எடுக்க 50,000 ரூபாய் வரம்பு வைத்தது. வங்கியைக் காப்பாற்ற எஸ்பிஐ வந்தபோது ஒரு பங்குக்குக் கொடுத்தது 10 ரூபாய்.

ஓடுகிற ஷேர்களின் பட்டியலான நிஃப்டி200 மொமென்டம் 30 குறியீடு 6 மாத, 12 மாத விலை ஓட்டத்தைப் பார்த்துத்தான் பங்குகளை எடுக்கிறது. ஜூனிலும் டிசம்பரிலும் பட்டியலை மாற்றும்போது, வேகம் குறைந்தவை வெளியே போய்விடும். திரும்பி வரும் என்று அது காத்திருப்பதில்லை.

பழைய உச்சத்தை வைத்து மலிவு என்பது

52 வார உச்சத்தை விடுங்கள், இந்தக் காலாண்டு லாபத்தைப் பாருங்கள்.

ஸ்டாப்லாஸ் வைக்காதது

இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆர்டர்தான் ஸ்டாப்லாஸ். ஓடுகிற ஷேர் என்றால் வாங்கும்போதே அதைப் போட்டுவிடுங்கள்.

விழுந்ததெல்லாம் எழும் என்று நம்புவது

டாடா மோட்டார்ஸ் 2020 மார்ச்சில் 65 ரூபாய் பக்கம் கிடந்தது, 2024இல் 1,000ஐத் தாண்டியது. அதன் கார் பிரிவான ஜாகுவார் லேண்ட் ரோவரின் விற்பனை மீண்டதும் கடன் குறைந்ததும் அதற்குக் காரணம். வீட்டுக்கடன் கம்பெனியான டிஎச்எஃப்எல்லும் விழுந்த ஷேர்தான். 2021இல் கம்பெனி கைமாறியபோது பழைய பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை. அடிவாங்கியதைத்தான் எடுப்பேன் என்றால் முதலில் கடனைப் பாருங்கள், அப்புறம் புரொமோட்டர்கள், அதாவது கம்பெனியின் முதலாளிகள், அடமானம் வைத்திருக்கும் பங்குகளைப் பாருங்கள். காலாண்டுதோறும் வெளியாகும் பங்குதாரர் விவரத்தில் அந்த அடமானக் கணக்கு இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால், என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.