போர் தண்ணீரில் கரைந்திருப்பது உப்பா, சுண்ணாம்பா? வீட்டிலேயே பார்ப்பது எப்படி

மதுரையில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்கும். குடிக்க, சமைக்க குழாயிலோ கேனிலோ வரும் நல்ல தண்ணீர், துவைக்க, குளிக்க போர் தண்ணீர். போர் தண்ணீரை மொத்தமாக உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே கரைந்திருப்பது எது என்று பார்க்காமல் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கினால் காசுதான் வீண்.

முதலில் கரைவது எப்படி என்று பார்த்துவிடுவோம். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்சுமை. சமையல் உப்பைப் போட்டால் சோடியத்தையும் குளோரைடையும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் பிரித்துச் சூழ்ந்துகொள்ளும். சர்க்கரையும் நன்றாகக் கரையும், ஆனால் மூலக்கூறு உடையாது. எண்ணெயில் பிடித்துக்கொள்ள அப்படி மின்சுமை கிடையாது, அதனால் கரையாது, தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே மிதக்கிறது.

சுண்ணாம்புக் கல் வெறும் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, அந்த அமிலம்தான் சுண்ணாம்பை பைகார்பனேட்டாக மாற்றிக் கரைக்கிறது. கொதிக்க வைத்தால் வாயு வெளியேறிவிடும், சுண்ணாம்பு பழையபடி கல்லாகிப் பாத்திரத்தில் படியும்.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரே அளவு பாட்டில் இரண்டில், ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர், பாதி பாதி. இரண்டிலும் சம அளவு குளியல் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள் (ஷாம்பு, வாஷிங் பவுடர் வேண்டாம், அவை சுண்ணாம்பு போன்ற கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்த கடின நீரிலும் நுரைக்கும்). போர் தண்ணீரில் நுரைக்குப் பதில் திரிதிரியாக வெள்ளை மிதந்தால் கால்சியமோ மெக்னீசியமோ அதிகம். நுரை நன்றாக வந்து, ஆனால் வாயில் வைத்தால் கரித்தால், அது சோடிய உப்பு.

அடுத்து அதே போர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ராத்திரி அசைக்காமல் வைத்து, காலையில் தெளிவை இறுத்து மறுபடி குலுக்கிப் பாருங்கள். இப்போது நுரைத்தால் உங்கள் தொல்லை பெரும்பாலும் பைகார்பனேட், பருப்பு வேக வைக்க இந்தத் தெளிவு போதும். நுரைக்கவில்லையா? கால்சியம், மெக்னீசியத்தின் சல்பேட், குளோரைடு இருக்கும், எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. துல்லியமாகத் தெரிய குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கடினத்தன்மைக்கு இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை.

படிந்த வெள்ளைக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, சூடாக்கி, அரை மணி நேரம் ஊற விடுங்கள். குமிழி வந்தால் சுண்ணாம்பு கரைகிறது. அதோடு ப்ளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

அப்புறம் ஆர்.ஓ. விற்க வருபவர் காட்டும் வித்தை. தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவு என்று எண் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்றுதான் பார்க்கிறது, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாலும் எண் பெரிதாக ஏறாது. கரண்ட் கொடுத்த கம்பியை விட்டு உங்கள் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டுவாரே, அது அழுக்கே இல்லை, உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து கம்பியின் இரும்பே கரைந்து துருவாக வருகிறது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள் (நீங்கள் கரண்ட் பக்கம் கை வைக்க வேண்டாம்), அதுவும் அதே பழுப்புக்கு வரும்.