மைக்ரோவேவ் வாங்கியவர்கள் பார்க்காமல் விடும் பழுப்பு அட்டை

ஆடித் தள்ளுபடி முடிந்து ஓரிரு மாதம் ஆனால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடு வீடாகச் சென்று மைக்ரோவேவ் அடுப்புகளைப் பழுது பார்ப்பது என் தொழில். லாஸ்பேட்டையில் கேட்ட அதே புகார் மறுநாள் மஞ்சக்குப்பத்திலும் காத்திருக்கும். பாதித் தவறுகள் இந்தத் தொழிலுக்கு வருமுன் எங்கள் வீட்டு அடுப்பிலும் நடந்தவைதான். அதனால் யாரையும் திட்ட எனக்கு உரிமை இல்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இன்றைக்கும் கோபம் வருகிறது.

எவர்சில்வர் பாத்திரம் வைக்கக் கூடாது, முட்டையை ஓட்டோடு வைக்கக் கூடாது என்பவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழுப்பு அட்டை

அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே வலப்பக்கச் சுவரைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில், லேசாக மினுங்கும் அட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பார்ப்பதற்குப் புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையைப் போலத்தான் இருக்கும். அது மைக்கா தகடு. காக்காப்பொன் என்று சிறுவயதில் பொறுக்கி விளையாடினோமே, அதே கனிமம்தான். பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தச் சுவருக்குப் பின்னால் மேக்னட்ரான் இருக்கிறது. 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நுண்ணலைகளை உண்டாக்கும் பாகம் அது, அடுப்பின் உயிர். அலைகள் ஓர் உலோகக் குழாய் வழியாக வந்து சுவரில் உள்ள திறப்பின் வழியே உணவை அடைகின்றன. அந்தத் திறப்பை மூடுவதுதான் மைக்கா தகட்டின் வேலை. அலைகள் தகட்டை ஊடுருவிச் செல்லும். தகடு அவற்றை உறிஞ்சாது, சூடேறாது. நீராவியும் எண்ணெயும் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது.

தகடு சுத்தமாக இருக்கும் வரை அப்படி. கடலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்காத வீடு குறைவு. அந்தக் குழம்பை மறுநாள் மூடி போடாமல் உள்ளே வைத்து மூன்று நிமிடம் ஓட்டுகிறார்கள். குழம்பு கொதித்துத் தெறிக்கிறது. எண்ணெய், புளி, உப்பு மூன்றும் தகட்டில் ஒட்டுகின்றன. வெறும் தண்ணீரைவிட உப்பு கலந்த ஈரம் நுண்ணலைகளை வேகமாக உறிஞ்சும். தகடு சூடாகாவிட்டாலும் அதன் மேல் உள்ள கறை ஒவ்வொரு முறையும் சூடாகிறது, காய்கிறது, கடைசியில் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன் பிறகு பொறி பறக்கும். ஒரு நாள் தகட்டில் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக ஆவியும் எண்ணெயும் உலோகக் குழாய்க்குள் போய் மேக்னட்ரானின் முனையைக் கருக்கிவிடும்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு. பொறி வந்தது பாத்திரத்தால்தான் என்று முடிவு செய்து பீங்கானை மாற்றிக் கண்ணாடி வாங்கினார்கள். பிறகு வேறு கண்ணாடி. ஒவ்வொரு பாத்திரத்தையும் சோதித்துப் பார்த்த நாள்களில் அடுப்பு பொறியோடு ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்த் திறந்தபோது தகட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை. பின்னால் கரி அப்பியிருந்தது. மேக்னட்ரானின் முனை உருகியிருந்தது. உட்சுவரின் பூச்சும் எரிந்து இரும்பு வெளியே தெரிந்தது. தகட்டை முதலிலேயே மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்வதா, புது அடுப்பு வாங்குவதா என்ற பேச்சில் போய் நின்றது. புதிது வாங்கினார்கள்.

சோதிப்பது எளிது. பாத்திரங்களையெல்லாம் எடுத்துவிட்டு, கோடு, பூ எதுவும் இல்லாத ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மட்டும் வைத்துச் சில விநாடிகள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பொறி வந்தால் குற்றம் பாத்திரத்தில் இல்லை. உடனே நிறுத்தி ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

முத்தியால்பேட்டையில் நடந்தது வேறு விதம். அடுப்பு வந்த அன்றே, பேக்கிங்கோடு வந்த அட்டை என்று நினைத்து அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், தகடு இல்லாமலும் அடுப்பு ஓடும். பால் சூடாகும், சாதம் சூடாகும், யாருக்கும் சந்தேகம் வராது. திறந்து கிடக்கும் வழியில் ஆவி உள்ளே போய்ப் படிவது யார் கண்ணுக்குத் தெரியும்? தகடு இல்லை என்று நான் சொன்னபோது, "அதுதான் நன்றாக ஓடியதே" என்றார் வீட்டுக்காரர். ஓடியது, உண்மைதான்.

இன்னும் சிலர் தாங்களே மாற்றுத் தகடு செய்துவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். இனிப்புப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைப் பார்த்திருக்கிறேன். அலுமினியத் தாளை நான்காக மடித்துச் செருகியிருந்த ஒரு வீட்டில் எனக்குப் பேச்சே வரவில்லை. அலைகள் வெளியே வரும் ஒரே வழியை உலோகத்தால் அடைத்தால் அவை திரும்பி மேக்னட்ரானையே சூடாக்கும்.

என் கோபம் வாங்கியவர்கள் மேல் இல்லை. அடுப்போடு வீட்டுக்கு வரும் செயல்விளக்கக்காரர் கேக் செய்து காட்டுகிறார், பாப்கார்ன் பொரித்துக் காட்டுகிறார். இந்தத் தகட்டைச் சுட்டிக்காட்ட அரை நிமிடம் ஆகுமா? கையேட்டில் இருக்கிறது என்பார்கள். கையேட்டில் அது எந்த மூலையில், எவ்வளவு சிறிய எழுத்தில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். என் தொழிலில் இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். பொறி என்று கேட்டதுமே, அடுப்பைத் திறக்காமலே, "மேக்னட்ரான் போய்விட்டது" என்று விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால், முதலில் மைக்கா தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும் முறை இதுதான். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் தகட்டின் மேல் மெதுவாகத் துடையுங்கள். மைக்கா அடுக்கடுக்காக உரியக்கூடியது. கம்பி நார், கத்தி, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் படக் கூடாது. கறை காய்ந்துபோயிருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போட்டு, கிண்ணத்துக்குள் ஒரு மரக் கரண்டியையும் நிறுத்தி மூன்று நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டால் கறை இளகிவிடும். ஒரு புள்ளியாவது கருகியிருந்தால் துடைத்துப் பயனில்லை, தகட்டை மாற்றுங்கள். உதிரிபாகக் கடையில் மைக்கா ஷீட்டாகவே கிடைக்கும். பழையதை மேலே வைத்து வரைந்து கத்தரிக்கோலால் வெட்டலாம். எந்தக் குழம்பையும் மூடி போட்டு, ஆவி போகச் சிறு இடைவெளி விட்டுச் சூடாக்கினால் தகடு பல ஆண்டுகள் வரும்.

காலியாக ஓட்டுவது

வேண்டாம்.

முழு வேகம் மட்டுமே தெரிந்த வீடுகள்

பொத்தான்கள் பல இருந்தாலும் எல்லாரும் தொடுவது ஒன்றைத்தான். பாதி பவர் என்றால் சாதாரண மாடல்களில் அலையின் பலம் குறைவதில்லை. மேக்னட்ரான் சிறிது நேரம் ஓடி, சிறிது நேரம் நிற்கும். நிற்கும் நேரத்தில் வெளிப்புறச் சூடு உள்ளே பரவுகிறது. அந்த இடைவெளியைக் கொடுக்காததால்தான் ஓரம் கொதிக்க, நடுவே சில்லென்று இருக்கிறது.

துறைமுகத்தில் வாங்கி ஃப்ரீசரில் போட்ட மீனில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பனிக்கட்டி நுண்ணலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும்; உருகிய தண்ணீர் நன்றாக உறிஞ்சும். முழு வேகத்தில் வைத்தால் முதலில் உருகிய வால் பகுதி வெந்துவிடும், நடுத்துண்டு கல்லாகவே இருக்கும். உறைநீக்கும் பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது. நடுவில் ஒருமுறை மீனைத் திருப்பிப் போடுங்கள்.

பண்ருட்டி முந்திரியை இதில் வறுக்க நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். வெளியே வெள்ளையாக இருக்கும்போதே உள்ளே கருகிவிடும். மிதமான பவரில், அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, ஒன்றை உடைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் வறுக்க வேண்டும். வாணலியே மேல் என்பது என் கருத்து.

புதுச்சேரி பேக்கரிகளில் வாங்கும் நீள ரொட்டியை நுண்ணலையில் சூடாக்காதீர்கள். எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும், ஆறியதும் கடிக்க முடியாது. சூடான காற்றைச் சுழலவிட்டுச் சமைக்கும் கன்வெக்ஷன் வசதி இருந்தால் அதில் சூடாக்கலாம். இல்லாவிட்டால் தோசைக்கல் போதும்.

கன்வெக்ஷனும் மைக்ரோவேவும் ஒன்றென்று நினைப்பது

ஒரே பெட்டிக்குள் இரண்டு வேறு அடுப்புகள். மைக்ரோவேவுக்கு உகந்தது என்று முத்திரை குத்திய பிளாஸ்டிக் இட்லித் தட்டு, கன்வெக்ஷனின் காய்ந்த சூட்டில் உருகி வழிந்துவிடும். கேக் வைக்கும் உலோகத் தட்டுக்கு இதற்கு நேர்மாறு: கன்வெக்ஷனில் சரி, மைக்ரோவேவில் கூடாது. அந்த முத்திரை உள்ள பிளாஸ்டிக்கிலும் எண்ணெய் மிதக்கும் குழம்பைச் சூடாக்க வேண்டாம். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும், எண்ணெயின் சூடு அதைத் தாண்டிப் போகும்.

மெலமைன் தட்டு

சாப்பிட மட்டும்.

வெறும் தண்ணீர்

வழவழப்பான கோப்பையில் தண்ணீரைச் சூடாக்கினால் சில நேரம் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி வராது. வெளியே எடுத்துக் காப்பித் தூளைப் போட்ட கணத்தில் மொத்தமும் பொங்கிக் கை, முகமெல்லாம் தெறிக்கும். மரக் கரண்டி ஒன்றை உள்ளே வைத்துச் சூடாக்குங்கள். தேவைக்கு மேல் ஓட்டாதீர்கள். முடிந்ததும் அரை நிமிடம் பொறுங்கள்.

துணி, பூச்சாடி, எக்ஸ்டென்ஷன்

அடுப்பின் மேல் பின்னல் துணி விரித்து அதன் மேல் பூச்சாடி வைப்பது அழகாகத்தான் இருக்கிறது. காற்று வெளியேறும் துளைகள் பல மாடல்களில் அங்கேயோ பின்புறமோதான் உள்ளன. மேலேயும் பின்னாலும் எத்தனை சென்டிமீட்டர் விட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். மாடுலர் கிச்சன் செய்யும் தச்சரிடம் அதை முன்கூட்டியே காட்டுங்கள்.

800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகும் அளவு. சுவரிலிருந்து இழுப்பது அதைவிடக் கணிசமாக அதிகம். கன்வெக்ஷனில் இன்னும் அதிகம். எர்த் உள்ள 16 ஆம்பியர் ப்ளக்கில் நேரடியாகச் சொருகுங்கள். மிக்ஸிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகிப்போனதைப் பல சமையலறைகளில் பார்த்துவிட்டேன்.

கடற்காற்றும் கரப்பானும்

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் கதவுக் கொண்டியும் அடித்தகடும் விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துச் சிறிது நேரம் கதவைத் திறந்து வையுங்கள். உட்சுவரில் துரு தெரிந்தால் அந்த இடத்திலும் பொறி வரும். பொத்தான்கள் தானாக அழுந்துவதாகச் சொல்லி அழைப்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் கன்ட்ரோல் போர்டில் கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அது வருவது சோற்றுப் பருக்கைக்காகவும் கதகதப்புக்காகவும். மருந்தை அடுப்புக்குள் அடிக்காதீர்கள், அங்கேதான் சமைக்கிறீர்கள்.

வெளி மூடியைக் கழற்றுவது

வலையொளியில் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருபவர்களுக்கு: மேக்னட்ரானுக்குப் போவது சுமார் 4000 வோல்ட். அதற்கான கெப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்; ஆளைக் கொல்ல அது போதும். உள்ளே இருந்து மைக்கா தகட்டை மாற்றுவது உங்கள் வேலை. திருகாணிகளுக்கு அந்தப் பக்கம் இருப்பதை விட்டுவிடுங்கள்.

கதவு சரியாக மூடாத அடுப்பு

ஓட்டாதீர்கள். கண்ணாடியில் தெரியும் உலோக வலையும் கதவின் விளிம்பும்தான் அலைகளை உள்ளேயே நிறுத்துகின்றன. வலை கிழிந்தாலும், கீல் தொய்ந்தாலும், ஆளை வரவழைத்துச் சரிசெய்யும் வரை ப்ளக் வெளியிலேயே இருக்கட்டும்.